ஒருவரும் சாகாத வாசகசாலை

மனிதன் அச்சு யந்திரத்தைக் கண்டுபிடித்த நாள் முதல் கதைகளில் செத்துப்போனவர்களின் தொகை எத்தனையோ லட்சம் இருக்கும். அவர்களைக் காப்பாற்ற எந்த அரசாங்கமும் ஒரு சுண்டுவிரலைக்கூட அசைத்ததில்லை. உலகத்திலேயே அந்தப் புண்ணியத்தைச் செய்தது தென்காசியில் இருந்த 'உள்ளங்குளிர் வாசகசாலை' ஒன்றுதான். கிதிர் முகம்மது கைலிச் சாரம் விற்கும் கடையின் மாடியில், நான்கு அலமாரி, இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை ஆகிய தளவாடங்களோடு, ஒரு கிண்ணம் பசையையும் ஒரு கட்டு வெள்ளைக் காகிதத்தையும் மட்டுமே ஆயுதமாகக் கொண்டு, 1957-ஆம் வருடத்துச் சாரல் தொடங்குவதற்குள் நாற்பத்தோரு உயிர்களை அது மீட்டிருந்தது. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே இந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

முறை மிகவும் எளியது. புதிய புத்தகம் வந்தால் முதலில் செயலாளர் நயினாரிடம் 'நல்வாழ்வுச் சோதனை'க்குப் போகும். யாராவது செத்தால் அந்தப் பக்கத்தின்மேல் வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, செயலாளர் தம் கையால் வேறு முடிவு எழுதிவிடுவார். நயினார் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இருமி இருமி இரத்தம் கக்கிய ஒரு வெளிநாட்டுத் தையற்காரியை அவர், 'மேற்படியாள் குணமடைந்தாள்' என்று இரண்டே சொல்லில் எழுப்பி உட்கார வைத்தார். புயலில் சிக்கிய மூன்று சகோதரர்களுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதினார்: 'மேற்படி மூவரும் கரை சேர்ந்தனர். அவர்களுக்குள் வில்லங்கம் ஏதும் இல்லை.'

பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சியை அது தடுத்தது. சாரலைத் தடுக்கவில்லை. ஆனி பிறந்து மலைக்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து ஊர்மேல் தெளிக்கத் தொடங்கியதும் ஒட்டுகள் ஓரத்தில் சுருளும். மாசியில் பிழைத்தவர்கள் ஆனியில் மறுபடி சாக ஆரம்பிப்பார்கள். ஆகவே சாரல் முடியும்வரை 'மறுபசைப் பணி' நடக்கும். உறுப்பினர்கள் முறைவைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார்கள்.

இப்பேர்ப்பட்ட வாசகசாலைக்கு எதிராக ஒருவன் சதி செய்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அவன் பெயர் நாறும்பூநாதன்.

வயது இருபத்திரண்டு. குத்துக்கல்வலசையிலிருந்து சைக்கிளில் வந்து, ஒரு பத்திர எழுத்தரிடம் நகல் எழுதிக்கொண்டிருந்தான். அவன் கையெழுத்துக்காகவே கிரயம் செய்தவர்கள் உண்டு என்று சொல்வார்கள். உடம்புதான் தென்காசியில் இருந்தது. மனம் மொழிபெயர்ப்பு நாவல்களில் குடியேறிப் பல வருடம் ஆகியிருந்தது. சாரல் விழுந்தால் 'பனி பெய்கிறது' என்று சொல்லிக்கொள்வான். வைகாசி வெயிலிலும் கழுத்தில் மப்ளர் கிடக்கும். பஸ் ஸ்டாண்டு கடையில் பால் விடாத டீ வாங்கி, ஜன்னலே இல்லாத அந்தக் கடையில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு குடிப்பான்.

வாசகசாலைக் கதைகளை அவன் படிக்கும் விதமே வேறு. கடைசிப் பக்கம் வந்ததும் புத்தகத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பான். வெள்ளைக் காகிதத்துக்கு அடியில் செத்தவர்கள் மங்கலாகத் தெரிவார்கள். உலக இலக்கியத்தின் உண்மையான முடிவுகளை இப்படிச் சூரியனின் தயவில் படித்துப் படித்து, அவனுக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. ஒரே ஒரு கதையையாவது அதன் சொந்தச் சாவோடு இந்த ஊருக்குப் படித்துக் காட்டிவிட வேண்டும்.

ஆனி மாதம் மதராஸிலிருந்து வி.பி.பி.யில் ஒரு பார்சல் வந்தது. செயலாளருக்குச் சளிக்காய்ச்சல். அவருக்குப் பதிலாகப் பணம் கட்டி எடுக்கத் தபால் ஆபீசுக்குப் போன நாறும்பூநாதன், பார்சலைச் சோதனைக்குக் கொண்டுபோகாமல் நேரே ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்குக் கொண்டுபோனான். கதையின் பெயர் 'மலையடி ஊரின் கொம்பு.'

அன்று தலைவர் முத்துராமலிங்கம் அண்ணாச்சி முன்பெஞ்சில் அமர்ந்திருந்தார். குற்றாலத்தில் விடுதி வைத்திருப்பவர். விடுதிக்குப் பின்னால் எண்ணெய்ப்பாறை என்ற சிற்றருவி இரண்டு ஆள் உயரத்திலிருந்து விழும். அவர் விடுதியில் தங்குகிறவர்கள் அதில்தான் குளிப்பார்கள். பக்கத்தில், கம்பளிக்குள், மூக்கு மட்டும் தெரிய நயினார். ஜன்னலோரம் கிதிர் முகம்மது, வறுத்த கடலைப் பொட்டலத்தோடு.

மாடிப்படியின் மேல்படியில் சுடலையாண்டி உட்கார்ந்திருந்தார். இவர் வாசகசாலையின் 'சாரல்கால சமூகசேவை.' பதினொரு வருடத்துக்கு முன்னால் எண்ணெய்ப்பாறையில் திடீர் வெள்ளம் வந்து, அப்போதைய தலைவரின் வேட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதன்பேரில் தீர்மானம் போட்டு இவரை நியமித்தார்கள். மேலே பாறையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பது வேலை. மலைமேல் மழை இறங்கித் தண்ணீர் நிறம் மாறினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிப்பார். கீழே குளிப்பவர்கள் ஓடிவிடுவார்கள். ஞாயிறு சாயங்காலம் குளியல் முடிந்ததும் கதை கேட்க வந்துவிடுவார். எழுத்து தெரியாது. காது நல்ல காது.

நாறும்பூநாதன் வாசித்தான்.

ஏதோ ஒரு பனிநாடு. மலையடியில் நாற்பது வீடு உள்ள ஊர். மலையிலிருந்து பனி சரியப் போகிறது என்றால் கொம்பு ஊதி எச்சரிக்க ஒரு கிழவன். ஊருக்குப் பணக்காரர்கள் பனிச்சறுக்கு விளையாட வருகிறார்கள். நடனம் நடக்கும் நேரம் பார்த்துக் கிழவன் ஊதிவிடுகிறான். ஒரு சீமாட்டி பயந்து சூப்புப் பாத்திரத்துக்குள் காலை விட்டுவிடுகிறாள். இன்னொருவருக்குப் பொய்ப்பல் கழன்று வயலினுக்குள் விழுந்துவிடுகிறது. ஊர்ச்சபை கூடி, 'பதினைந்து வருடமாக ஒன்றும் நடக்கவில்லையே, அப்புறம் காவல் எதற்கு?' என்று கேட்டு, கிழவனுக்குப் பதக்கம் குத்தி ஓய்வு கொடுக்கிறது. கொம்பைச் சபையின் சுவரில் மாட்டுகிறார்கள்.

பதினொரு பக்கம் வரை சபை சிரித்தது. பொய்ப்பல் வந்தபோது அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் வழிந்தது. நயினார் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

பன்னிரண்டாம் பக்கத்தில் நடனம். கிழவன் சும்மா வெளியே வந்து மலையைப் பார்க்கிறான். பழக்கத்தில் கை இடுப்புக்குப் போகிறது. கொம்பு இல்லை. கடைசி வரியில் வசந்தகாலம் வருகிறது. பனியைத் தோண்டுகிறவர்கள் ஒரு பதக்கத்தை எடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

நாறும்பூநாதன் புத்தகத்தை மூடினான். கிதிர் முகம்மதுவின் கை கடலைப் பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

"என்னவே இது?" என்றார் அண்ணாச்சி.

"கதை, அண்ணாச்சி."

"கதைன்னு தெரியுது. பதினோரு பக்கம் சிரிக்க வச்சுட்டுப் பன்னெண்டாம் பக்கத்துல கழுத்தை அறுக்கானே. சொல்லிட்டு அறுக்காண்டாமா?"

"திடீர்னு இருட்டுததுதான் இதுல அழகு, அண்ணாச்சி."

"எதுவே அழகு? ஒம்பதாம் பக்கத்துல ஒரு புள்ளத்தாச்சி ஊஞ்சல்ல இருந்தாள்லா. அவ என்ன ஆனா?"

"அவளும்தான்."

"அவளுமா!"

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. மெல்லிய மனம் படைத்தவர். வாசகசாலை தொடங்கிய நாளிலிருந்து அந்த மனத்தில் ஒரு கீறல்கூட விழாமல் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு வேற சங்கடம்," என்றார் கிதிர் முகம்மது. "காவல் எதுக்குன்னு அந்தச் சபையில கேக்கானே, அந்த இடத்துல நானும் சிரிச்சுட்டேன். இப்ப அந்தச் சிரிப்பை எங்கன கொண்டு வைக்க?"

"பாய், நீங்க வேற கிளறாதிய," என்றார் நயினார்.

மாடிப்படியிலிருந்து சுடலையாண்டியின் குரல் கேட்டது. "அந்தக் கொம்பை அவன் வீட்டுலயே வச்சுருந்திருக்கலாம், மொதலாளி."

உறுப்பினர் அல்லாதவர்களின் கருத்து கூட்டக் குறிப்பில் ஏறாது.

அவசரக் கூட்டம் அங்கேயே கூடியது. சோதனைக்கு வராத சாவு ஒன்று வாசகசாலைக்குள் புகுந்தது குறித்து 'ஆழ்ந்த கவலை' தெரிவிக்கப்பட்டது. கதையைத் திருத்துவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. ஆனால் நயினார் பேனாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஒருத்தன் ரெண்டு பேருன்னா நான் எழுப்பிருவேன். இது நாப்பது வீடு. முழுக் கிராமம். மேற்படியார் பிழைத்தார்னு ஒரு வரியில முடியாது. கற்பனை உள்ள கை வேணும்."

எல்லோரும் நாறும்பூநாதனைப் பார்த்தார்கள்.

"நான் மாட்டேன், ஐயா. இது உலக இலக்கியம்," என்றான் அவன். நிமிர்ந்துதான் நின்றான்.

"அதனாலதாம்வே உம்மகிட்ட சொல்லுதோம்," என்றார் அண்ணாச்சி. "உம்ம எழுத்து அச்சைவிட நல்லாருக்கே. எழுத்தாளர்னு நம்ம ஊருக்கு ஒரு ஆள் வேண்டாமா?"

'எழுத்தாளர்.' அந்தச் சொல்லை அவனை நோக்கி அதற்கு முன் யாரும் பிரயோகித்ததில்லை. வைராக்கியம் மூன்று நாள் தாக்குப்பிடித்தது. நான்காம் நாள் ஆபீசில் ஒரு அடமானப் பத்திரத்தின் பின்பக்கத்தில் அவன் முதல் வரியை எழுதிப் பார்த்தான்.

ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், அருமையான முடிவு. 'பனி மலையிலிருந்து புறப்பட்டது உண்மை. ஆனால் ஊருக்குள் ஒலித்த வயலின் இசை அதன் காதில் விழுந்தது. அது தயங்கி நின்றது. பிறகு யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வலப்பக்கம் திரும்பி, அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டது.' அடுத்த பள்ளத்தாக்கில் யாரும் குடியில்லை என்பதைச் சேர்க்கும்படி நயினார் கேட்டுக்கொண்டார். சேர்த்தான். புள்ளத்தாச்சிக்கு ஆண் குழந்தை பிறந்தது. கிழவன் தொண்ணூற்றிரண்டு வயது வரை பதக்கத்தைத் துடைத்துக்கொண்டு வாழ்ந்தான். கொம்பில் யாரோ பூச்செடி வைத்தார்கள். தலைக்கணக்கு மூலத்தில் இல்லாததால் அந்த ஊரை மட்டும் நயினார் ஆண்டறிக்கை எண்ணில் சேர்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு திருத்திய வாசிப்பு. அண்ணாச்சி எழுந்து நின்று கை தட்டினார். "மூலத்தைவிட இதுதாம்வே எடுப்பா இருக்கு!" நாறும்பூநாதன் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான். மப்ளர் நனைந்தது. தான் எழுதிய வரிகளை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை குத்துக்கல்வலசை வரவேண்டாம் என்று அவனுக்கு இருந்தது.

ஆடியில் சாரல் நன்றாகப் பிடித்தது. விடுதி நிரம்பியது. கூடவே புகார்களும் நிரம்பின.

மதராஸிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெரிய அதிகாரி, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியடியில் நின்றபோது மேலே தண்டவாளம் ஒலித்திருக்கிறது. ஓடியதில் வழுக்கி, அவ்வளவு பெரிய அதிகாரி அவ்வளவு சிறிய கோவணத்தோடு தம் இலாகாவின் கீழ்நிலைக் குமாஸ்தா ஒருவர் மடியில் போய் உட்கார்ந்துவிட்டார். தண்ணீரோ வரவில்லை.

வாசகசாலைக் கூட்டத்தில் அண்ணாச்சி விஷயத்தை வைத்தார். படியில் உட்காரும் சுடலையாண்டியை அன்று உள்ளேயே கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார்கள்.

"ஏலே சுடலை, போன வாரம் எத்தனை தடவை அடிச்சே?"

"பதினோரு தடவை, மொதலாளி."

"தண்ணி எத்தனை தடவை வந்துச்சு?"

"ரெண்டு தடவை."

"அப்ப மிச்சம் ஒம்பது?"

"ஒம்பது தடவையும் வாரமாதி இருந்துச்சு, மொதலாளி. குச்சி வந்துச்சு. வந்தப்புறம் அடிச்சா அது மணி இல்லையே."

"பாத்தியளா," என்றார் அண்ணாச்சி சபையைப் பார்த்து. "பதினோரு வருசமா ஒரு உயிர்ச்சேதம் கிடையாது. அப்புறம் காவல் எதுக்கு?"

சொன்னவுடன் அவருக்கே எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் மலர்ந்தது. "இதே மாதி வெளிநாட்டுலயும் நடந்துருக்கே! நம்ம கொம்பூதிக் கதை! அங்கனயும் காவலை எடுத்தாங்க. ஒண்ணும் ஆகலியே. பனி பாட்டுக்கு ஒதுங்கிப் போயிட்டு. புஸ்தகத்துலயே இருக்கு."

கிதிர் முகம்மது மெல்ல இருமினார். "அண்ணாச்சி, மொதல்ல வாசிச்சப்ப வேறமாதில்லா இருந்துச்சு? ஊரே உள்ள போனமாதி..."

"அது திருத்தத்துக்கு முந்தினது, பாய்." நயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருட சர்வீஸ் அவர் முதுகெலும்பில் ஏறியது. "பிழைதிருத்தல் பத்திரம் பதிவாயிட்டா, திருத்துன இடத்துல பழசு செல்லுமா? தம்பி, நீரு பத்திர ஆபீஸ்ல இருக்கீரு. நீரே சொல்லும்."

நாறும்பூநாதனுக்குத் தெரியும். சட்டப்படி ஒரே பதில்தான்.

"செல்லாது."

"அப்ப புஸ்தகத்தைக் கொண்டாரும். சபைக்குக் காட்டிருவோம்."

அவன் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜைமேல் பன்னிரண்டாம் பக்கத்தை விரித்தான். சாரல் தன் வேலையைச் செய்திருந்தது. ஒட்டின் கீழ்ஓரம் விட்டுச் சுருண்டு, அச்சில் இருந்த கடைசி வரி அப்படியே தெரிந்தது. பனியைத் தோண்டுகிறார்கள். பதக்கத்தை எடுக்கிறார்கள். எதிரே அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு இழுப்பு. காகிதம் முழுதாகக் கையோடு வந்துவிடும். மூன்று வருடமாக அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பிடித்து ஏங்கிய காரியம்.

"எங்க, வாசியும் பாப்போம்," என்றார் அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "அந்தப் பனி ஒதுங்குத இடம். என்னமா எழுதியிருக்கீரு! அதிகாரிகிட்டகூட உம்மப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன். எழுத்தாளர், நம்ம ஊருப் பையன்னு."

நாறும்பூநாதன் கட்டைவிரலைச் சுருண்ட ஓரத்தின்மேல் வைத்து அழுத்தினான். அழுத்தியபடியே வாசித்தான். ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான்.

முடிந்ததும் சுடலையாண்டி தலையைச் சொறிந்தார். "அந்த ஊருப் பனி பாட்டுக் கேக்கும்போல. நம்ம தண்ணி கேக்காதே, மொதலாளி."

சபை வாய்விட்டுச் சிரித்தது. ஏழை வாயில் நகைச்சுவை வந்தால் அதைப் பாராட்டும் பெருந்தன்மை வாசகசாலைக்கு எப்போதும் உண்டு. சுடலையாண்டிக்கு ஓய்வு கொடுத்து அங்கேயே துண்டு போர்த்தினார்கள். தண்டவாளத் துண்டு மரத்திலிருந்து இறக்கப்பட்டு, கூட்டம் தொடங்குவதற்கு அடிக்கும் மணியாக வாசகசாலை ஜன்னலில் தொங்கவிடப்பட்டது. ஓசை நன்றாக இருந்தது.

எழுத்தாளருக்கும் சன்மானம் இல்லாமல் இல்லை. விடுதியில் மூன்று நாள் தங்கி எண்ணெய்ப்பாறையில் குளித்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி அழைத்தார். நாறும்பூநாதன் ஆபீசில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மப்ளரோடும் புத்தகத்தோடும் போய் இறங்கினான்.

இரண்டாம் நாள் பகல் பதினொரு மணி. கீழே சுள்ளென்று வெயில். மலை உச்சியில் மட்டும் கறுப்பாக ஒரு மேகம் இறங்கியிருந்தது. அருவியடியில் ஏழு பேர் நின்றார்கள். அதிகாரி, அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், இரண்டு வேறு விருந்தினர்கள், நாறும்பூநாதன். தண்ணீர் தலையில் அறைய, அவன் கண்ணை மூடிக்கொண்டு தன் இரண்டாவது கதையின் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தான்.

வேலை போன பின்னும் சுடலையாண்டி தினமும் மேலே போய்ப் பாறையில் உட்கார்ந்துகொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வேறெங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று தண்ணீர் சிவந்தது. குச்சி வந்தது. அவர் கை மரத்துக்குப் போயிருக்க வேண்டும். அங்கே வெறும் கயிறு தொங்கியது.

கீழே இருந்தவர்கள் பார்த்தபோது, அவர் பாறைக்குப் பாறை தாவி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு கத்தியபடி இறங்கி வந்தார். அருவிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. "யாரவன், குடிச்சிருக்கானா?" என்றார் அதிகாரி. சுடலையாண்டி நேரே தண்ணீருக்குள் வந்தார். பிள்ளைகள் இரண்டையும் கரைக்கு எறிந்தார். எறிந்தார் என்றுதான் சொல்லவேண்டும். மரியாதையாகச் செய்ய நேரமில்லை. அம்மாளைத் தள்ளினார், அதிகாரியைத் தள்ளினார், மற்ற இருவரையும் இழுத்துவிட்டார். கடைசியில் நாறும்பூநாதனின் மப்ளரைப் பிடித்து இழுத்து, "ஏலே, போலே!" என்று முதுகில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார்.

நாறும்பூநாதன் கரையில் குப்புற விழுந்து திரும்பிப் பார்த்தபோது அருவி இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு சுவர் இறங்கிக்கொண்டிருந்தது. அது எந்தப் பக்கமும் ஒதுங்கவில்லை.

சுடலையாண்டி மறுநாள் காலை, அரை மைலுக்குக் கீழே ஓடைத் தடுப்பில் கிடைத்தார்.

அதற்கடுத்த நாள் வந்த பத்திரிகையில் ஜில்லாச் செய்திகளுக்கு அடியில் நான்கு வரி இருந்தது. 'குற்றாலம் அருகே வெள்ளத்தில் காவலாளி பலி. பாதுகாப்பு ஏற்பாடு சில தினங்களுக்கு முன் நீக்கப்பட்டிருந்ததாகத் தெரிகிறது.'

பத்திரிகை வாசகசாலை மேஜையில் விரிந்து கிடந்தது. சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி அழுதுகொண்டிருந்தார். உண்மையாகவே அழுதார். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "திடீர்னு இப்படி ஆயிட்டே."

நயினார் எழுந்து போய்ப் பசைக் கிண்ணத்தை எடுத்துவந்தார்.

"ஐயா, இது கதை இல்லையே. பேப்பர்லா," என்றான் நாறும்பூநாதன்.

"வாசகசாலைக்குள்ள வார காகிதத்துக்கெல்லாம் விதி ஒண்ணுதாம்வே. இங்கன யாரும் சாகக்கூடாது." வெள்ளைக் காகிதத்தை அளவாக நறுக்கி, அந்த நான்கு வரியின்மேல் ஒட்டி, பேனாவை நீட்டினார். "இதுக்கும் என் கை பத்தாது. நீரு எழுதும். பாவம், நல்லாவே எழுதும்."

கிதிர் முகம்மது எழுந்து கடைக்கு இறங்கிப் போனார். வாசகசாலையின் சரித்திரத்தில் பதிவான ஒரே 'வெளிநடப்பு' அதுதான்.

நாறும்பூநாதனின் முதுகில் ஐந்து விரலும் பதிந்த இடம் இன்னும் கன்றிப்போய் வலித்தது. வலியோடு எழுதினான். கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை. பதினொரு வருடம் 'ஏலே சுடலை'யாக இருந்தவருக்கு அன்றுதான் முழு மரியாதை கிடைத்தது: 'திரு. சுடலையாண்டி அவர்கள் ஏழு பேரைக் கரை சேர்த்து, பொன்னாடை பெற்று, மகிழ்வுடன் வீடு திரும்பினார்.' நயினார் ஆண்டறிக்கையைத் திறந்து நாற்பத்தொன்றை அடித்துவிட்டு, சிவப்பு மையில் நாற்பத்திரண்டு என்று எழுதினார். ஏழு பேர் உயிர்பிழைத்ததை அவர் சேர்க்கவில்லை. அவர்களை வாசகசாலை காப்பாற்றவில்லை அல்லவா? கணக்கில் அவர் எப்போதும் நேர்மையானவர்.

மறுநாள் மத்தியானம் வெறும் நெற்றியோடு மாடிப்படி ஏறி உலகம்மை வந்தாள். சுடலையாண்டியின் மனைவி. அருவிக்குப் போகும் வழியில் நெல்லிக்காயும் அவித்த கடலையும் விற்கிறவள். வாசகசாலைக்குள் அவள் வருவது அதுவே முதல் தடவை. அண்ணாச்சியும் நயினாரும் இருந்தார்கள். அவர்களை அவள் பார்க்கவில்லை.

"பேப்பர்ல எங்க வீட்டுக்காரர் பேரு வந்திருக்காம்லா," என்றாள் நாறும்பூநாதனிடம். "பஸ் ஸ்டாண்டுல சொன்னாவ. எனக்குப் படிக்கத் தெரியாது. வாசிச்சுச் சொல்லு, தம்பி. என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை காதால கேட்டுக்கிடுதேன்."

அவன் பத்திரிகையை எடுத்தான். சாரல் ஈரத்தில் பசை இன்னும் காயவே இல்லை. ஒட்டின் ஓரம் சுருண்டிருந்தது. 'பலி' என்ற சொல்லின் பாதி வெளியே தெரிந்தது. அவன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி கும்பிடுவதுபோல இரண்டு கையையும் லேசாகக் குவித்தார். ஜன்னலில் தண்டவாளத் துண்டு காற்றில் ஆடியது. அடிக்க ஆள் இல்லாமல் சும்மா ஆடியது.

நாறும்பூநாதனின் கட்டைவிரல் தன் இடத்துக்குப் போயிற்று. அழுத்திக்கொண்டு வாசித்தான்.

"திரு. சுடலையாண்டி அவர்கள் ஏழு பேரைக் கரை சேர்த்து, பொன்னாடை பெற்று, மகிழ்வுடன் வீடு திரும்பினார்."

உலகம்மை அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அவன் விரலை மெதுவாக எடுத்து விலக்கிவிட்டு, அந்த இடத்தைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் பசை ஒட்டியது. சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா எழுதியிருக்கே, தம்பி," என்றாள். "எத்தனை மணிக்கு வந்தார்னும் எழுதிரு. நான் உலை வைக்கணும்லா."